பழைய துப்பாக்கிக்கு நியாய விலை எது?

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் நாட்டுப் பழமொழி. படையில் பணி முடித்து ஓய்ந்துபோன பழைய துப்பாக்கிக்கும் இப்பழமொழி பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு வரை நான் அறிந்திருக்கவில்லை. "வேதியியல் படிக்கும் உனக்குத் துப்பாக்கியோடு என்ன உறவு?" என்று நம் சங்க நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. காரணத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் செல்கிறேன்.

என் அண்ணன் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய அடுத்த வீட்டில் முதிய அம்மையார் ஒருவர் தனியே வாழ்கிறார். அவர் கணவர் இறந்து ஓராண்டு ஆகிறது. வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய் இருக்க எண்ணியபோது, கணவர் சுவரில் மாட்டி வைத்திருந்த பழைய துப்பாக்கியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் வந்தார், பார்த்தார், ஒரு சிறு தொகையைச் சொன்னார், "நாளைக்குள் சொல்லுங்கள்" என்று போய்விட்டார். துப்பாக்கியின் எஃகில் 'ஈசாப்பூர்' என்ற ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறது. "இஃது உங்கள் நாட்டு ஊர் அல்லவா?" என்று அம்மையார் அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைக் கேட்டார்: "தம்பி, நீ இருக்கும் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில்தானே இந்த ஊர்? அவர் சொன்ன விலை சரியா என்று பார்த்துச் சொல்."

ஊர் பக்கந்தான். சியால்டாவிலிருந்து ராணாகாட் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இச்சாப்பூர் வந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பதனாலேயே அறிவு வந்துவிடுமா? பெருங்கடலுக்கு அப்பால் ஒரு கிழவி ஏமாறுவதும் ஏமாறாததும் என் பதிலைப் பொறுத்தது என்றபோது எனக்கு அச்சமே உண்டாயிற்று. "பொறுங்கள், நாளைக்கே விற்க வேண்டாம் என்று மட்டும் இப்போது சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். படித்ததும், அதை ஓர் அளவைச் சோதனைபோல் நான் ஒழுங்கு செய்துகொண்ட முறையுமே இக்கட்டுரை.

நியாய விலை என்பது யாது?

சிறுவனாக இருந்தபோது என் பாட்டனார் என்னை மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு அழைத்துச் செல்வார். அங்கே தரகர்கள் வாய் திறந்து விலை பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "ஏன் தாத்தா மறைக்கிறார்கள்?" என்று கேட்டேன். "வெளியே தெரிந்தால் விலை நியாயமாகிவிடும், தரகனுக்கு என்ன மிஞ்சும்?" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் ஓர் இலக்கணமே இருக்கிறது. விற்பவர் அறிந்ததை எல்லாம் வாங்குபவரும் அறிந்து, வாங்குபவர் அறிந்ததை எல்லாம் விற்பவரும் அறிந்த பின், இருவரும் மனமொப்பிக் கைகொடுக்கும் விலை எதுவோ அதுவே நியாய விலை. அதாவது, துண்டை எடுத்துவிட்ட பிறகும் நிற்கும் விலை. ஆகவே விலையை அறிய வேண்டுமானால் முதலில் பொருளை அறிய வேண்டும். பிறகே சந்தையை அறிய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஏமாறுகிறார்கள்.

முதற்படி: பொருள் எது?

நாம் 'திரீ நாட் திரீ' என்று சொல்லும் துப்பாக்கியைத் தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் அறிவார்கள். நானும் கல்லூரியில் அதைத் தோளில் சுமந்து அணிவகுத்தவன்தான். ஏறக்குறைய நான்கு கிலோ எடை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் நாற்பது கிலோ. அதன் முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. போல்ட்டையும் குண்டுப் பெட்டியையும் அமைத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. குழலின் உட்புரிகளை வகுத்தது இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலை. இரண்டு பெயரும் இணைந்து நின்றன. குழலின் உட்குறுக்களவு 0.303 அங்குலம், அதனால் இந்தச் செல்லப்பெயர். குழல் குறுக்கப்பட்ட வகையின் மூன்றாம் மாதிரி 1907-இல் வந்தது. முதல் உலகப் போரில் வேலையைக் குறைப்பதற்காகச் சில உறுப்புகளை நீக்கி, 1916-இல் அதே மாதிரிக்கு ஒரு விண்மீன் குறியைச் சேர்த்தார்கள். தொலைதூரத்துக்குக் கூட்டமாகச் சுடுவதற்கென்று பக்கத்தில் வைத்திருந்த குறிக்காட்டி அவ்வாறு நீங்கியவற்றுள் ஒன்று. ஆகவே அது குறையாமல் இருக்கும் துப்பாக்கியைக் கண்டால் சேகரிப்போர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

ஹூக்ளிக் கரையில் உள்ள ஈசாப்பூர்த் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து துப்பாக்கி செய்து வருகிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளின் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, இதுவும் அவற்றுள் ஒன்றன் கீழ் வந்தது. இங்கிருந்து வெளிவந்த துப்பாக்கிகள் பார்வைக்கு ஒரு தாய் மக்கள்போல் இருந்தாலும் விலையில் வேறு வேறானவை. முக்கியமான நான்கு வகைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பழைய 0.303. மரக்கட்டையும் எஃகும் சேரும் கழுத்தின் பக்கத்தில் முடியும், ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும், ஊர்ப்பெயரும், ஆண்டும், மாதிரியின் எண்ணும் இருக்கும். அந்த மூன்று எழுத்துகள் 'ஜார்ஜ், அரசர், பேரரசர்' என்பதன் இலத்தீன் சுருக்கம். விடுதலைக்குப் பின் செய்தவற்றில் அரச முடி போய், அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் வந்தன.

இரண்டு, காவலர்களுக்காகவும் சிறைக் காவலுக்காகவும் உட்புரி இல்லாத 0.410 குழலாக மாற்றப்பட்டவை.

மூன்று, 2ஏ, 2ஏ1 என்னும் பெயருடையவை. 1962-இல் சீனப் போர் முடிந்த பின், 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கென 1960-களில் புதிதாகவே செய்யப்பட்டவை இவை. "பழைய 0.303-ஐ மாற்றியது" என்று விற்பவர்கள் சொல்வதுண்டு, அது தவறு. புதிய தோட்டாவின் அழுத்தம் மிகுதி. அதற்கேற்ற வலுவான எஃகால் செய்யப்பட்டவை. முதல் வகையின் பின்குறிக்காட்டி 2000 வரை அளவிட்டிருக்கும். 2ஏ1-இல் 800 வரையே இருக்கும். பெயரைப் படிக்க முடியாவிட்டாலும் இதைக் கொண்டே பிரித்தறியலாம்.

நான்கு, பயிற்சிக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டவை. நாம் கல்லூரியில் தூக்கியவை இவையே. எஃகிலும் கட்டையிலும் டி.பி. என்ற எழுத்துகள் பொறித்திருக்கும். தேய்ந்ததாலோ பழுதானதாலோ சுடுவதற்குத் தகுதியில்லை என்று கழிக்கப்பட்ட துப்பாக்கிகள் பல இவ்வாறு பயிற்சிக்கு வந்தன.

அம்மையாருடைய துப்பாக்கியின் படங்களை அண்ணன் கைப்பேசியில் அனுப்பினார். முடி, ஜி.ஆர்.ஐ., ஈசாப்பூர், மூன்றாம் மாதிரி, விண்மீன், ஆண்டு 1943. வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த அதே ஆண்டு. கொல்கத்தாவில் வாழும் எவரும் அந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

இரண்டாம் படி: எண்கள் ஒத்திருக்கின்றனவா?

தொழிற்சாலையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதே எண்ணை எஃகு உடலின் முன்வளையத்திலும், குழலிலும், போல்ட்டிலும், மூக்குப்பகுதியிலும், பின்குறிக்காட்டியின் அடிப்புறத்திலும் பொறித்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் அவை பிறந்தது முதல் பிரியாதவை. அல்லது படையின் பட்டறையில் முறையாகச் சேர்க்கப்பட்டவை. பழைய எண்ணின் மேல் கோடு இழுத்துப் புதிய எண்ணைப் பக்கத்தில் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் பட்டறையின் நேர்மையான வேலை. பழைய எண்ணை அராவி அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகப் பொறித்திருந்தால் ஐயப்பட வேண்டும்.

எண் ஒத்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. போல்ட்டு தோட்டாவின் அடியைத் தாங்கும் இடத்துக்கும், தோட்டாவின் விளிம்பு அமரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிக நுண்ணியது. 0.303-இல் அது 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. படை அளவில் 0.074-க்கு மிகவும் கூடாது. நம் கணக்கில் கால் மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு. வேறொரு துப்பாக்கியின் போல்ட்டைக் கொண்டுவந்து மாட்டினால் இந்த அளவு கெடக்கூடும். கெட்டால் தோட்டாவின் பித்தளை பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். ஆகவே எண் பொருந்தாத துப்பாக்கி விலையில் இறங்குகிறது. அளவுகோல் வைத்துப் பட்டறைக்காரர் சோதித்த பிறகே சுடத்தக்கதா என்று சொல்ல முடியும்.

அம்மையாருடைய துப்பாக்கியில் நான்கு இடங்களில் எண் ஒத்திருந்தது. போல்ட்டில் மட்டும் வேறு எண்.

மூன்றாம் படி: தொட்டது யார், கெடுத்தது யார்?

பழைய செப்புத் திருமேனியைப் புளி போட்டுத் தேய்த்துப் புதுப்பானைபோல் ஆக்கிவிட்டால் அருங்காட்சியகத்தார் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். துப்பாக்கியும் அப்படியே. கட்டையில் உள்ள அழுக்கையும் கீறலையும் கண்டு மனம் பொறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்ததும் மரம் பளபளக்கும். ஆய்வாளர் அடித்த முத்திரைகள் மறைந்துபோகும். ஒரு மில்லிமீட்டர் மரத்தோடு வரலாறும் தூளாகப் போகிறது. போனதை ஒட்டவைக்க இயலாது. அவ்வாறே வேட்டைக்கு எளிதாகும் என்று முன்கட்டையை அறுத்துக் குறைத்தவையும் உண்டு. அறுத்தவை விலையில் பாதியைக் கூடக் காண்பதில்லை.

இங்கே வேதியியல் மாணவர்களுக்குச் சுவையான ஒரு செய்தி. டி.பி. என்ற எழுத்தையோ வரிசை எண்ணையோ அராவி அழித்துவிட்டால் உண்மை அழிந்துவிடுமா? அழியாது. எழுத்தை அச்சால் அடித்துப் பொறிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் எஃகின் நுண்மணிகள் நசுங்கி உருமாறுகின்றன. மேற்பரப்பை அராவினாலும் நசுங்கிய அடுக்கு எஞ்சியிருந்தால், தாமிரக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அங்கே தடவும்போது, நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வேறு வேறு வேகத்தில் அரிக்கப்படுகின்றன. அழிந்த எழுத்து மங்கலாக எழுந்து வருகிறது. தடயவியல் நிலையங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனை இது. பொய் மேற்பரப்பில் வாழ்கிறது. உண்மை சற்று ஆழத்தில் இருக்கிறது.

கழித்துப் போட்ட பயிற்சித் துப்பாக்கியின் எழுத்தை அழித்துச் சுடும் துப்பாக்கி என்று விற்பவன் பணத்தை மட்டும் திருடவில்லை. வாங்குபவனின் கண்ணையும் உயிரையும் பந்தயம் வைக்கிறான். விலையைச் சரியாக அறிவது என்பது பொருளைச் சரியாக அறிவதே என்று நான் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

நான்காம் படி: குழலின் உள்ளே

வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் குழலின் உட்புறத்தைப் பார்க்காமல் விலை சொல்வது, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவதற்கு ஒப்பாகும். முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். பிறகு போல்ட்டைக் கழற்றி ஒளியை நோக்கிப் பார்த்தால் ஐந்து புரிகள் இடப்புறமாகச் சுழன்று செல்வது தெரியும். புரியின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால் நன்று, மழுங்கியிருந்தால் தேய்மானம், அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால் துரு தின்றது என்று பொருள்.

அந்தத் துரு எங்கிருந்து வந்தது? அந்நாளைய தோட்டாக்களின் அடியில் இருந்த தீக்கலவையில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடிக்கும்போது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படிகிறது. அஃது ஓர் உப்பு. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் எஃகு என்ன ஆகும் என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். அதனால்தான் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவப் பழைய வீரர்களுக்குக் கற்பித்தார்கள். கழுவியவனின் துப்பாக்கி எண்பது ஆண்டுக்குப் பின்னும் மின்னுகிறது. சோம்பியவனின் துப்பாக்கி அவனுடைய சோம்பலை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அம்மையாரின் கணவர் சோம்பேறியல்லர். குழல் தெளிவாக இருந்தது.

ஐந்தாம் படி: கதையும் சான்றும்

"இது முதல் உலகப் போரில் சண்டையிட்ட துப்பாக்கி" என்று கணவர் விருந்தினர்களிடம் சொல்வாராம். அம்மையாரும் அதை முழுமனத்தோடு நம்பியிருந்தார். ஆனால் 1943-இல் பிறந்த துப்பாக்கி 1918-இல் முடிந்த போரில் எப்படிச் சண்டையிட்டிருக்கும்? கதைக்கும் பொருளுக்கும் முரண்பாடு வந்தால் பொருளையே நம்ப வேண்டும். கதைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்; ஆனால் அந்தக் கதையைத் தாங்கும் கடிதமோ, படைப்பிரிவின் தாளோ, எண் குறித்த பதிவோ இருக்க வேண்டும்.

இன்னொரு சான்றும் உண்டு. 1968-இல் அமெரிக்கா பழைய படைத் துப்பாக்கிகளின் இறக்குமதியைச் சட்டத்தால் தடுத்தது. சேகரிக்கத்தக்க பழையவற்றுக்கு 1984-இல் மீண்டும் வழி திறந்தது. அதன் பின் வந்தவற்றில் இறக்குமதி செய்தவரின் பெயர் குழலில் பொறித்திருக்கும். அந்தப் பெயர் இல்லாதவை நெடுங்காலத்துக்கு முன்பே வந்தவை என்பதால் சேகரிப்போர் சற்று விரும்பி வாங்குகிறார்கள். அம்மையாருடையதில் அப்பெயர் இல்லை.

ஆறாம் படி: சந்தையை அளத்தல்

இப்போதுதான் பணத்துக்கு வருகிறோம். முதல் விதி: கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. கடையில் எழுதி மாட்டியிருக்கும் விலை விற்பவரின் ஆசை. ஏலத்தில் முடிந்த விலையே நிகழ்ச்சி. சோதனைச்சாலையில் நாம் விரும்பிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை அல்லவா? இரண்டாம் விதி: இனத்தோடு இனத்தை ஒப்பிட வேண்டும். 0.410-ஐயும், 2ஏ1-ஐயும், டி.பி.-யையும் ஒரே பட்டியலில் கலந்தால் வரும் சராசரி எதற்கும் உதவாது.

டாலர்க் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே முறையை விளக்குவதற்காக நானே வைத்துக்கொண்ட ஒப்பீட்டு எண்களில் சொல்கிறேன். ஒரே வகையில், ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ள ஏழு துப்பாக்கிகள் விற்ற விலை 62, 70, 78, 85, 90, 96, 210 என்று கொள்வோம். கூட்டிச் சராசரி கண்டால் 98.7. ஆனால் ஏழில் ஆறு அந்தச் சராசரிக்குக் கீழேதான் விற்றிருக்கின்றன! இரண்டு பணக்காரர்கள் பிடிவாதமாக மோதிக்கொண்ட ஒரு நாளின் 210 முழுச் சராசரியையும் தூக்கிவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 85. இதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

ஏலத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. பத்துப் பேர் ஒரு பொருளை மதிப்பிட்டால் சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் மதிப்பிடுவார்கள். ஏலத்தில் வெல்பவர் யார்? மிகவும் கூட்டி மதிப்பிட்டவரே. எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபம் காணாததற்கு இதுவே காரணம் என்று 1971-இல் மூன்று பொறியியலார் விளக்கினார்கள். 'வென்றவரின் சாபம்' என்று அதற்குப் பெயர். ஆகவே வாங்கச் செல்பவர் தம் உச்ச விலையை வீட்டிலேயே எழுதி முடித்துக்கொண்டு செல்வது நல்லது.

இனித் திருத்தங்கள். போல்ட்டு எண் பொருந்தாததற்கு நூற்றுக்குப் பதினைந்து குறைப்போம். குழல் தெளிவாக இருப்பதற்கு ஐந்து கூட்டுவோம். இறக்குமதிப் பெயர் இல்லாததற்குப் பத்துக் கூட்டுவோம். 85 × 0.85 × 1.05 × 1.10 = 83.4. விடை வந்துவிட்டது என்று பேனாவை மூடிவிடலாமா? கூடாது. பிழையின் எல்லையைச் சொல்லாத அளவு அளவாகாது. நடு எண்ணில் நூற்றுக்குப் பத்து ஐயம். மூன்று திருத்தங்களிலும் ஒவ்வொன்றுக்கு ஐந்து ஐயம். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் நூற்றுக்கு ஏறக்குறைய 13. ஆக, நியாய விலை 83 என்பதைவிட, 72-க்கும் 94-க்கும் இடையில் என்பதே நேர்மையான விடை.

இதில் விற்பவர் கைக்கு எவ்வளவு வரும் என்பது வேறு கணக்கு. ஏலக்காரர் நூற்றுக்குப் பதினைந்து எடுத்தால் 83-இல் 71 தான் மிஞ்சும். வணிகர் ஒருவர் ரொக்கமாக 60 கொடுத்தால் அவரை நான் திட்டமாட்டேன். அவர் முதலை முடக்குகிறார். கடை வாடகை கொடுக்கிறார். விற்காமல் போனால் நட்டமும் அவருடையது. ஆனால் அம்மையாரிடம் வந்தவர் சொன்ன தொகையை இதே அளவில் வைத்துப் பார்த்தால் 35. அது வணிகம் அன்று. அறியாமையின் மீது போட்ட வரி.

அறியாமை சந்தையையே கெடுக்கும்

ஒரு கிழவி ஏமாந்தால் உலகம் கெட்டுவிடுமா என்று கேட்பார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் பொருளியலறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு இதற்கு விடை சொன்னார். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால் அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல பொருள் உடையவர் விற்க மனமின்றி விலகுவார். நல்லவை விலக விலகச் சந்தையில் கெட்டவையே மிஞ்சும். விலை இன்னும் இறங்கும். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நேர்மையான விற்பனையாளருக்கு மருந்து ஒன்றுதான்: எல்லாவற்றையும் திறந்து காட்டுவது. குறையைச் சொன்னவரின் நிறையையும் உலகம் நம்பும்.

அண்ணனுக்கு நான் எழுதியதும் இதுவே. எண் பொறித்த ஐந்து இடங்களையும் படம் எடுங்கள். போல்ட்டு எண் பொருந்தவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஆண்டு 1943 என்று எழுதுங்கள். முதல் உலகப் போர் என்று எழுதாதீர்கள். உரிமம் பெற்ற பட்டறையில் அளவு பார்த்துச் சான்று வாங்குங்கள். விற்பனையை அந்த மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்ற ஏலக்காரர் வழியாகவே நடத்துங்கள்.

அம்மையாரிடம் கணவரின் கதை பொய்த்துப் போனதைச் சொல்ல அண்ணன் மிகவும் தயங்கினார். சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "அவர் பொய் சொன்னதில்லை, அவருக்கு விற்றவன் சொல்லியிருப்பான்" என்றாராம். துப்பாக்கி ஏலத்தில் நாங்கள் வகுத்த எல்லைக்குள், நடுவுக்குச் சற்றுக் கீழே விற்றது. முதலில் வந்தவர் சொன்னதைப்போல் இரு மடங்குக்கு மேல் கிடைத்தது. கணவர் எண்ணியிருந்த விலையில் பாதிதான். அம்மையார் மனநிறைவோடு இருக்கிறார். வாங்கியவரும் குறை சொல்லவில்லை. துண்டை எடுத்த பிறகும் விலை நின்றது.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு நம் விடுதி நண்பர் எவரும் 0.303 தேடிப் புறப்பட வேண்டாம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி அது தடை செய்யப்பட்ட குழல் வகை. உரிமம் பெற்றவர்க்கென ஈசாப்பூரிலேயே 0.315 அளவில் துப்பாக்கி செய்யப்படுவது இதனால்தான். பாட்டன் பரணில் பழைய துப்பாக்கி ஏதேனும் கண்டால் விலை பேசுவதற்கு முன் காவல் நிலையத்தில் கேட்பதே அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன் வாலாபாகில் மக்கள் மீது 1650 முறை சுட்டவை இதே குடும்பத்துத் துப்பாக்கிகள். உத்தரப் பிரதேசக் காவலர்கள் 2020 குடியரசு நாளன்று தான் இவற்றுக்கு விடை கொடுத்தார்கள். அடக்கியவன் கையிலும் இருந்தது. காத்தவன் கையிலும் இருந்தது. ஒன்றுமறியாக் கல்லூரி மாணவன் தோளிலும் இருந்தது. அந்தக் கணக்கெல்லாம் ஏலச் சுத்தியலுக்குக் கேட்காது. விலை என்பது இன்று இருவர் ஒப்பும் எண். மதிப்பு என்பது வேறு. முன்னதை அளக்கலாம், அளக்கும் முறையை இங்கே சொன்னேன். பின்னதை அவரவர் படித்த வரலாறே சொல்லும்.

அடுத்த முறை ராணாகாட் ரயிலில் போகும்போது இச்சாப்பூரில் சற்றுத் தலையை வெளியே நீட்டிப் பாருங்கள். அங்கே பிறந்த ஒரு பொருள் எண்பது ஆண்டுக்குப் பின், உலகின் மறுகோடியில், ஒரு கிழவியின் முதுமைக்குச் சிறு துணையாயிற்று. சரியாக அளந்ததனால்தான் அவ்வாறு ஆயிற்று. நம் சோதனைச்சாலைகளில் இரவெல்லாம் நாம் பழகும் பொறுமைக்கு வெளியுலகில் என்ன வேலை என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.